‘எல்’ விட்டுப்போன முகப்புப் பக்கம்

காது கேட்கும் கருவி மையம் என்று பலகையில் எழுதியிருந்தாலும் தெருவில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. காதுக் கடை, அவ்வளவுதான். அதை நடத்தியவர் காது டாக்டர். டாக்டருக்குப் படித்தவரில்லை அவர்; கேட்கும் திறனை அளந்து கருவி பொருத்தப் பயிற்சி எடுத்தவர். ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தார். பிறகு, “கூப்பிட்டுட்டுப் போகட்டும், காசா பணமா” என்று விட்டுவிட்டார்.

முன்னறை மேஜையில் உட்கார்ந்திருந்தவள் அவருடைய தங்கை. கல்யாணம் ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவளை, சும்மா வீட்டில் இருந்தால் மனசு கெட்டுப்போகும் என்று கடைக்கு அழைத்து வந்தார். உள்ளறையிலிருந்து அவர் “தங்கச்சி” என்று குரல் கொடுப்பதைக் கேட்டுக் கேட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அவள் தங்கச்சி ஆகிவிட்டாள். அவளைவிட இருபது வயது இளையவரான தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

கடையின் இணையதளத்தை அண்ணனே உட்கார்ந்து செய்திருந்தார். முகப்பில் அவர் படம். பிளாஸ்டிக்கில் செய்த பெரிய காது மாதிரியைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு சிரிப்பார். “வாருங்கள், உங்களுக்குக் கேட்கும்படி பேசுவோம்” என்று கீழே ஒரு வரி. அதற்கும் கீழே, வருவதற்கு நேரம் குறித்துக்கொள்ள ஒரு கட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சவரம் செய்யப் போனவர் முகத்தில் நுரையோடு குளியலறையிலேயே சாய்ந்தார். அண்ணி கதவைத் தள்ளித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தங்கச்சி அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், வண்டிக்குச் சொன்னாள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் தன்னுடையதாகவே இருக்காதே, அப்படி உடம்பு முழுவதும் இருந்தது. அண்ணிதான் அழுதாள், இருவருக்கும் சேர்த்து.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு அண்ணி சொன்னாள்: “கடையைப் பார்க்க இனிமே யாரு இருக்கா? மூடிடலாம். நீ இணையத்துல ஒரு வார்த்தை போட்டுடு. பாவம், வயசானவங்க வீணா அலையக் கூடாது.”

“சரி அண்ணி.”

மறுநாள் தங்கச்சி கடைக் கணினியில் உட்கார்ந்து, எப்போதும் கடிதம் தட்டுகிற மென்பொருளிலேயே நாலு வரி தட்டினாள். எங்கள் காது நிபுணர் காலமானார், கடை மூடப்பட்டது, இத்தனை வருட ஆதரவுக்கு நன்றி. முகப்புப் பக்கத்துக்கு இண்டெக்ஸ் என்றுதான் பெயர் வைக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தது ஞாபகம் இருந்தது. இணையப் பக்கமாகச் சேமி என்று சொல்லி அந்தப் பெயரைக் கொடுத்தாள். பெயருக்கு வாலாக எச்டிஎம் என்று மென்பொருள் தானாகவே ஒட்டிக்கொண்டது. அதைத் தளத்தில் ஏற்றிவிட்டு, அங்கேயே அதன் மேல் சொடுக்கிப் பார்த்தாள். நாலு வரியும் பளிச்சென்று திறந்தன. கணினியை அணைத்தாள்.

ஆனால் ஆட்கள் வருவது நிற்கவில்லை. கருவிகளைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பக் கட்டிக்கொண்டிருந்ததால் தினமும் அவள் கடையில்தான் இருந்தாள். முன்பே நேரம் குறித்தவர்களாக இருப்பார்கள் என்று நினைத்தாள். அப்படியா என்று யோசித்துப் பார்க்கவும் தோன்றவில்லை. வந்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்பினாள்.

சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. வந்தவர் எவருக்கும் காது சரியாகக் கேட்காதே.

ஒரு நாள் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மனைவியோடு வந்தார். அவருடைய கருவி காதுக்குள் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

“அண்ணன் இல்லைங்க” என்றாள் தங்கச்சி.

“பரவாயில்லை, வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்.”

“வர மாட்டாருங்க. அவர் போயிட்டாரு.”

“எங்க போயிட்டாரு?”

“தவறிட்டாருங்க!”

“ஐயையோ, விழுந்துட்டாரா? அடி பலமா?”

மனைவிக்குப் புரிந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் மட்டும் காதருகே கையைக் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். “கொஞ்சம் சத்தமா சொல்லும்மா.”

“காலமாயிட்டாரு!”

“காலையில வருவாரா?”

தங்கச்சி எழுந்து நின்றாள். அவளுக்கே தெரியாமல் அடிவயிற்றிலிருந்து குரல் வந்தது.

“அண்ணன் செத்துட்டான்! எங்கண்ணன் செத்துட்டான்!”

அவர் உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் அவள் அவரை ‘அவன்’ என்று பேசியதில்லை. எதிர்த் தையல் கடையில் மிஷின் நின்றது. தையல்காரர் அளவு நாடா கழுத்தில் தொங்க வாசலுக்கு வந்து பார்த்தார். பெரியவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். விசில் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

பெரியவரின் மனைவி தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருப்பது தெரிந்தது; அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் கூச்சத்தோடு கேட்டார். “நேத்து சாயங்காலம்தான் பேத்தி நேரம் குறிச்சுக் கொடுத்தா. வெப்சைட்ல ஒண்ணும் போடலையேம்மா.”

“போட்டிருக்கேனே.”

மனைவி கைப்பேசியில் கடையின் தளத்தைத் திறந்து நீட்டினாள். அண்ணன் பிளாஸ்டிக் காதைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். வாருங்கள், உங்களுக்குக் கேட்கும்படி பேசுவோம்.

தங்கச்சி பெரியவரின் கருவியை வாங்கி அழுக்கு எடுத்து, முனையில் இருந்த ரப்பர் மூடியைச் சரியான அளவுக்கு மாற்றிக் கொடுத்தாள். விசில் நின்றது. அவர்கள் போன பிறகு, தளத்தை வைத்திருக்கிற நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். எடுத்தது ஒரு இளம்பெண் குரல்.

“மேடம், உங்க தளத்துல ரெண்டு இண்டெக்ஸ் இருக்கு. பழசுக்குக் கடைசியில எச்டிஎம்எல். நீங்க புதுசா ஏத்தினதுக்கு வெறும் எச்டிஎம். எல் விட்டுப்போச்சு.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“பக்கம்ங்கற வகையில ஒண்ணுதான். ஆனா முகப்பு எங்கேன்னு தேடறப்ப, எங்க சர்வர் எல் இருக்கறதைத்தான் முதல்ல பார்க்கும். அது இருந்துட்டா அதோட சரி. அடுத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காது.”

“எனக்குத் திறந்துச்சே?”

“நீங்க அந்த ஃபைலையே தொட்டுத் திறந்திருப்பீங்க. வர்றவங்க வெறும் தளத்தோட பேரைத்தானே போடுவாங்க?”

தங்கச்சி கடைக் கணினியில் தளத்தைத் திறந்தாள். அந்தப் பெண்ணே தொடர்ந்தாள். “பழசை அழிச்சுடலாம். இல்ல, அதுக்கு வேற பேர் வெச்சுட்டு, புதுசுக்கு எல் சேர்த்துடலாம். எப்படிச் செய்யறீங்க?”

“வேற பேர்னா என்ன பேர்?”

“எல்லாரும் ஓல்டுன்னுதான் வைப்பாங்க.”

அதையே வைத்தாள். புதிய பக்கத்துக்கு எல் சேர்த்தாள். எதற்கும் நேரம் ஆகவில்லை.

“சில பேரோட போன்ல கொஞ்ச நேரம் பழைய பக்கமே தெரியும் மேடம். கவலைப்படாதீங்க, தானா மாறிடும்” என்றாள் அந்தப் பெண். “வேற ஏதாவது உதவி வேணுமா?”

“வேண்டாம்மா.”

அந்த வாரத்திலேயே ஆள் வருவது குறைந்தது, பிறகு நின்றுபோனது. கருவிப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. அண்ணி வந்து உள்ளறையைப் பார்த்து அழுதாள். தங்கச்சி பெருக்கி முடித்துச் சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்தாள்.

இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வரவேற்பில் இருக்கிறாள். சேர்ந்த புதிதில் மேலாளர் தனியாகக் கூப்பிட்டு, “கொஞ்சம் மெதுவா பேசுங்க மேடம். இங்க வர்றவங்களுக்குக் கண்ணுதான் சரியில்லை” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சாயங்காலம் அண்ணியிடம் சொன்னபோது, பல நாளைக்குப் பிறகு அண்ணியும் சிரித்தாள். தங்கச்சி அவள் சிரித்து முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு, காய்ந்த துணிகளை எடுத்துவரக் கொல்லைப் பக்கம் போனாள்.