ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது

சப்பாத்தி தின்றால் சர்க்கரை எகிறும், எலுமிச்சை சாதம் தின்றால் அசையாது என்று கண்டுபிடித்து, அதை அறிவிக்க இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பிய நிபுணர் நான்தான்.

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் அலுவலகம். யாருக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளும் என்று செயற்கை நுண்ணறிவை வைத்துக் கணிப்பது என் வேலை. ஆனையூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளி ஆசிரியைகள் சோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். கையில் சர்க்கரை பார்க்கும் சென்சார். மதியம் டப்பாவைத் திறந்ததும் ஒரு போட்டோ. மீதியை எங்கள் கணிப்பு மாடல் பார்த்துக்கொள்ளும்.

அவர்களில் ஜெசிந்தா டீச்சருக்குச் சர்க்கரை நோய். டாக்டர் மதியச் சோற்றை நிறுத்திச் சப்பாத்தி சாப்பிடச் சொல்லியிருந்தார்.

"சிலேட்ட மெல்லுற மாதிரி இருக்கு சார். என் டப்பாவுல சோறு கொண்டாரதுக்கு உங்க மெசினு ஒரு வழி சொல்லட்டும்."

மாடல் சொல்லிவிட்டது! சப்பாத்தி போட்டோவுக்குப் பிறகு ஜெசிந்தா டீச்சரின் சர்க்கரை கிராஃப் மலையேறியது. அதே நோயுள்ள மேரி ராணி டீச்சரின் எலுமிச்சை சாதத்துக்கோ கிராஃப் படுத்தே கிடந்தது. ஸ்கூட்டரில் போகும்போதே கட்டுரைத் தலைப்பு வரை யோசித்துவிட்டேன்.

ஆசிரியர் அறையில் மணி அடித்தது. டப்பாக்கள் திறந்தன. போட்டோ எடுத்தார்கள். அடுத்த நொடி டப்பாக்கள் மேசையைச் சுற்றி ஓட ஆரம்பித்தன. ஜெசிந்தா டீச்சரின் சப்பாத்தி மேரி ராணி வாய்க்குள். மேரி ராணியின் எலுமிச்சை சாதம், இன்னொருவரின் புளியோதரை, வேறொருவரின் தயிர்ச் சாதம் எல்லாம் ஜெசிந்தா டீச்சரின் டப்பா மூடிக்குள்.

"டீச்சர், நீங்க சோறு சாப்பிடுறீங்களே!"

"அது சாப்பாடா சார்? ஆளுக்கு ஒரு வாய் ருசி பாக்குறது. எம்புட்டு இருக்கும்? சரி, நல்ல சேதியோட வந்திருக்கீகளா?"

சேதியை விழுங்கினேன். சொல்லியிருந்தால் ருசிக்கு மேல் ஒரு டப்பா சோறும் இறங்கியிருக்கும்.

"இன்னும் கொஞ்ச நாள் டீச்சர். இனி டப்பாவ போட்டோ எடுக்காதீங்க, மூடிய எடுங்க."

"திங்கிறதுக்கு முன்னாடி வாக்குமூலமா? சாமியார்கிட்ட சொல்ற பாவசங்கீர்த்தனம் தோத்துச்சு, போங்க," என்றார் மேரி ராணி.

மூடி போட்டோக்கள் வர வர, மாடலுக்குக் கண் திறந்தது. முதலில் அவரைக்காய்ப் பொரியலும் முட்டையும், கடைசியில் ஒரு கரண்டிச் சோறு, ருசி பார்க்கத் தடை. இப்படிப் போனால் ஜெசிந்தா டீச்சருக்குத் தாங்கும் என்றது. டாக்டரும் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார்.

சோதனை நாளன்று மடிக்கணினியைச் சுற்றி, கடைசி ஓவர் பார்க்கும் கூட்டம்.

"ஏறுதா சார்?"

"கொஞ்சம்..."

"மாதாவே!"

"நின்னுருச்சு டீச்சர்! இறங்குது!"

மாடல் வரைந்த புள்ளிக்கோட்டின் மேலேயே நிஜக்கோடு நடந்தது. நான் துள்ளியதில் நாற்காலி கவிழ்ந்தது. இத்தனை வருட வேலையில் அப்படித் துள்ளியதில்லை. இளையவர்களே, டேட்டாவை நம்புமுன் சாப்பாட்டு மணிக்கு நேரில் போய் உட்காருங்கள்.

அடுத்த வாரம், பாராட்டை வாங்கிக்கொள்ளும் முகத்தோடு போய்க் கேட்டேன்: "சோறு எப்படி டீச்சர்?"

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா மேரி டப்பாவுல கைய விட்டு எடுத்தது மாதிரி வரல."