குமுதா ஏற்றி வந்த யுரேனியம்

குமுதாவுக்கு ஸ்டீரிங் கையில் இருந்தால் சோறு தண்ணி வேண்டாம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்து பதினெட்டு வயதிலேயே லைசென்ஸ் எடுத்தவள். பொம்பளை ஓட்டினால் முட்டைக்கோஸ்கூட வண்டியில் ஏறாது என்று அப்போது சிரித்த கங்காணிக்கு, ஒருநாள் நெஞ்சு வலித்துத் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தபோது அவள் வண்டிதான் கிடைத்தது. மனிதர் வழி முழுக்கக் கண்ணைத் திறக்கவில்லை. வலியாலா, பயத்தாலா என்று கடைசிவரை சொல்லவும் இல்லை.

வண்டி என்றால் பழைய லேண்ட்ரோவர். குமுதாவுக்கு வயது ஐம்பது, வண்டிக்கு அதைவிடக் கூட. வைப்பர் ஒரு பக்கம் மட்டும் ஆடும். காய்கறி ஏற்றினால் யானை மாதிரி மலையேறும். காலியாகப் போனால் மழைச்சேற்றில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு தனியாக ஊர்வலம் போகும். அதற்காக மலையில் எல்லா டிரைவர்களும் பின்னால் ஏதாவது பாரம் வைத்திருப்பார்கள். கல்லை வைத்தால் உருளும், மணலை வைத்தால் ஒழுகும் என்று குமுதா ஒரு முழு பொட்டாஷ் உர மூட்டையைத் பின்சீட்டுக்கும் பின்னால் போட்டு, மேலே தார்ப்பாயை மூடியிருந்தாள். அது அங்கே கிடப்பதை நாளடைவில் அவளே மறந்துபோனாள்.

லெம்பா பெர்த்தாம் தோட்டங்களிலிருந்து கியா பார்ம் சந்தைக்குக் காய்கறி ஏற்றுவதுதான் அவள் பிழைப்பு. அதற்குத்தான் வந்தது வினை. காய்கறி மொத்த வியாபாரி நாகரத்தினம் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, வருகிற மாதத்திலிருந்து தன் மருமகன் புது லாரியில் ஏற்றிக்கொள்வான், நீங்கள் வீட்டில் ரெஸ்ட் எடுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த 'ரெஸ்ட்' என்ற வார்த்தை குமுதாவுக்கு மிளகாயாக எரிந்தது. உட்கார்ந்து சீரியல் பார்க்கவா அவள் இத்தனை வருஷம் கியர் மாற்றினாள்?

அந்த நேரம் பார்த்து ஈப்போவிலிருந்து வந்து இறங்கினாள் அஸ்லினா. தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண், பாறை படித்தவள். மலையின் கருங்கல்லில் யுரேனியம் இருக்கிறதா என்று பார்க்க, ரிதுவான் என்ற பருத்த உதவியாளரோடும் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியோடும் வந்தவள், குமுதாவின் வண்டியை வாடகைக்குப் பிடித்தாள். கதிர் பட்டால் அது 'டக் டக்' என்று அடிக்கும். நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்துக்கொண்டே இருந்தால் உலகம் தாங்காது, சூரியத் தகடு மூடுபனியில் தூங்கும், அணுமின்சாரத்துக்குப் புகை கிடையாது, ஆனால் முதலில் நம் கல்லில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமே என்று அவள் வழியெல்லாம் விளக்கினாள். அணை மின்சாரத்துக்கும் புகை இல்லைதான், ஆனால் அணையைத் திறந்துவிட்டபோது சேறு வீட்டுக்குள் வந்ததை நான் பார்த்திருக்கிறேன், அணுவில் என்ன வரும் என்று குமுதா கேட்டாள். கழிவு வரும், அதைக் காலகாலத்துக்கும் காவல் காக்க வேண்டும் என்று அஸ்லினா ஒளிக்காமல் சொன்னாள். அந்த நேர்மையில் குமுதா விழுந்துவிட்டாள்.

வேலை இரண்டு வாரம்தான். ஆனால் ஏதாவது தென்பட்டால் மலையில் துளை போட ஆள் வரும், இரண்டு வருஷ வேலை, டிரைவர் நீங்கள்தான் அக்கா என்று அஸ்லினா சொல்லியிருந்தாள். குமுதா முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துகொண்டாள்.

தென்பட்டதா? கொட்டிற்று! எந்த ஓடையில் மணல் அள்ளினாலும் கருவி பேய் பிடித்த மாதிரி அடித்தது. ஓயாத மழை, அதனால் அள்ளிய மணலை லேண்ட்ரோவருக்குள் வைத்துத்தான் அளந்தார்கள். செய்தி கியா பார்ம்வரை ஓடியது. இனிமேல் முட்டைக்கோஸ் இருட்டில் மினுங்கும், விளக்கில்லாமல் அறுக்கலாம் என்றார் ஒருவர். பக்கத்து வீட்டுப் பூவிழி, ஓடை மண்ணை முகத்தில் பூசினால் நிறம் வருமா என்று ரகசியமாகக் கேட்டாள். குமுதாவின் கணவர் நல்லுசாமி மட்டும் கதிருக்குப் பயந்து, தலைமாட்டில் கிடந்த கூழாங்கல்லை எடுத்து வெளியே எறிந்தார். குமுதா கால் தரையில் பாவாமல் நடந்தாள். இரண்டாம் கியரில்கூடப் பாட்டு வந்தது.

இடையில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. வருஷா வருஷம் அம்மன் ஊர்வலம் வருவது குமுதாவின் வண்டியில்தான். பீடம் வைக்க இடம் வேண்டுமென்று நல்லுசாமி பின்பக்கத்தைக் காலி செய்து மூட்டையை இறக்கினார். அம்மன் ஜம்மென்று சுற்றி வந்து இறங்கினாள். மறுநாள் காலை அதே மணலை அதே வண்டியில் வைத்து அஸ்லினா அளந்தால், கருவி கொட்டாவி விட்டது.

யுரேனியத்தை ஆத்தா குடித்துவிட்டாள் என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அஸ்லினாவுக்கு முகம் செத்துவிட்டது. அன்று திரும்பும் வழியில் வண்டி இரண்டு முறை வழுக்க, குமுதா வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் மூட்டையைத் தூக்கி உள்ளே போட்டாள். அடுத்த காலை கருவி மறுபடி 'டக் டக் டக்'. அஸ்லினா குதித்தாள். ரிதுவான் குதித்ததில் வண்டியும் குதித்தது.

குமுதா குதிக்கவில்லை. அவள் கண் தார்ப்பாய்ப் பக்கம் போனது. நேற்று இல்லாதது இன்று இருக்கிறது என்றால், வண்டியில் மாறியது ஒன்றே ஒன்றுதான்.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் ஸ்டீரிங். நாகரத்தினத்தின் கடை முன்னால் தினமும் ஹாரன் அடித்துக்கொண்டு போகலாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பின்சீட்டில் அஸ்லினா ஈப்போவிலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டு, இன்று சாயங்காலம் பெரிய ஆபீசுக்குச் சொல்லப்போகிறேன், முதலில் துளை போடப்போவது இந்தத் தேயிலைச் சரிவில்தான் என்று சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள்.

குமுதா தேயிலைக்கு நடுவே பிரேக்கை மிதித்தாள். இறங்கி, தார்ப்பாயை விலக்கி, மூட்டையை இழுத்துச் சாலையோரம் தள்ளினாள்.

"மிஸ், அந்தச் சாமான இதுல வச்சுப் பாருங்க."

அஸ்லினா வைத்தாள். கருவி அடித்த அடியில் ரிதுவான் ஓரடி பின்வாங்கினார். அப்புறம் மணலை எடுத்துக்கொண்டு தூரமாகப் போய் அதற்கு வைத்தாள். சத்தமே இல்லை. கருவியின் உச்சியிலிருந்த திரையைத் தட்டி, தானிருந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"பொட்டாசியம்," என்றாள். "இதுவும் லேசா கதிர் விடும்கா. ஆளுக்கு ஒன்னும் ஆகாது. ஐயோ, மழைக்குப் பயந்து வண்டிக்குள்ளயே அளந்தேனே, நான்ல மொதல்ல தார்ப்பாய தூக்கிப் பாத்திருக்கணும்."

குமுதாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "என் மூட்டையால ஒங்க வேல போச்சே மிஸ்."

அஸ்லினாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று குமுதா பதறிக் கிட்டே போனால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ரிதுவானும் தொடங்கினார். கடைசியில் குமுதாவும் மூட்டைமேலேயே உட்கார்ந்து, வயிறு வலிக்க, மூக்கில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"இல்லாத எடத்தத் தோண்டாம விடறதும் எங்க வேலதான்கா," என்று அஸ்லினா முகத்தைத் துடைத்தாள். "இந்தச் சரிவு தப்பிச்சுது. ஆனா இப்ப எல்லா ஓடைக்கும் மறுபடி போகணும். வண்டியில அளக்காம, வெளிய கூடாரம் போட்டு. ரெண்டு வாரத்துல முடியாது."

மூட்டை இல்லாமல் வண்டி வழுக்குமே என்றாள் குமுதா. இருவரும் ஒரே நேரத்தில் ரிதுவானைப் பார்த்தார்கள். அவர் பெருமூச்சு விட்டு, முன்சீட்டை விட்டுவிட்டு மூட்டை கிடந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி ஆடாமல் அசையாமல் மலையேறியது.

அன்று சாயங்காலம் நல்லுசாமி வாசலிலேயே மறித்தார். செய்தி அவளுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது. யுரேனியம் இல்லையாமே, இனி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்.

"இல்லைன்னு உறுதியாச் சொல்லணுமில்ல," என்றாள் குமுதா, ஆடாத வைப்பரைத் துடைத்துக்கொண்டே. "அதுக்கே இன்னும் ரெண்டு மாசம் நான் ஓட்டணும்லா."