எச்சில் வாங்கும் வேலை

எச்சில் வாங்குவதுதான் என் வேலை. ப்ளஸ் டூவில் பாதியிலேயே நின்ற எனக்கு, தருமபுரியில் ஒரு வாய்ப்புற்றுநோய் ஆராய்ச்சியில் கிடைத்தது இதுதான். ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு குழாய், பின்னாடி ஒரு குழாய். அதிலிருக்கும் புரதங்களைப் பார்த்து, நோய் திரும்ப வருமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா எனத் தேடுகிறார்கள். ரத்தம் பிடித்த குழாயும் மூத்திர டப்பாவும் தூக்கி இதே பிழைப்பு நடத்துகிற சொந்தங்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

துப்ப மாட்டார்

செல்வம் அண்ணன் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் கண்டக்டர். ஊர்ப் பேரைக் கூவியே பிழைக்கிறவருக்கு நாக்கோரம் புற்று, மறுநாள் ஆபரேஷன். ஓடும் பஸ்ஸிலிருந்து புகையிலை துப்பியே பழகின மனுஷன், என் குழாயைப் பார்த்ததும் வெட்கப்பட்டுத் திரும்பி நின்று, ஊறினதையெல்லாம் முழுங்கிவிட்டார்.

"ரோட்டுல துப்புவீங்கல்ல, அப்படியே இதுல துப்புங்கண்ணா" என்றேன்.

"ரோட்டுல யாரும் கையை நீட்டிக்கிட்டு நிக்கமாட்டாங்களே பாப்பா!"

ஏலக்காய் வாசம்

"இரு வரேன்" என்று போனவர், பல் விளக்கி, ஏலக்காய் மென்று, மணக்க மணக்க வந்தார். மரியாதையாம்! எனக்கு வந்த கோபம்! பேஸ்ட்டோ ஏலக்காயோ பட்டால் அந்த எச்சில் எதற்கும் ஆகாது. நாளைக்குக் கத்தி வைத்துவிட்டால் 'முன்னாடி' எச்சில் கிடைக்கவே கிடைக்காது. வெறும் தண்ணியில் கொப்பளிக்க வைத்து, ஒரு மணி நேரம் சும்மா உட்கார வைத்தேன்.

"இதப் பாத்து எனக்குத் திரும்ப வருமான்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

"மாட்டாங்கண்ணா. இன்னும் ஆராய்ச்சிதான். இத நம்பி வைத்தியம் பண்ற அளவுக்கு வரல."

பூசி மெழுகத் தெரிந்தால் பரீட்சையிலேயே மெழுகியிருப்பேனே, நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறேன்?  அண்ணன் குழாய்க்குக் கையை நீட்டினார்.

"குடு பாப்பா, அடுத்த ஸ்டாப்புல ஏறுறவனுக்காவது ஆவும்."

மஞ்சள்

லேபில் சோதனை செய்கிற சுமதி அக்கா ஒரு தட்டைக் காட்டினார். வரிசையாகக் குட்டிக் குழிகள், குழிக்கு ஓர் ஆளின் எச்சில். ஏதோ சொட்டு விட்டதும் எல்லாம் நீலமாக மாறின. இன்னொரு சொட்டு விட்டதும் பளிச்சென்று மஞ்சள். சிலது வெளிர், சிலது அடர்த்தி. புரதம் கூடக்கூட நிறமும் கூடுமாம். நாம் காறித் துப்பி மிதிக்கிற ஒன்றுக்குள் இவ்வளவு சேதியா?

"செல்வம் அண்ணனோடது எதுங்கக்கா?" என்றேன். பேர் கிடையாது, நம்பர்தான், அக்காவுக்கே தெரியாதாம். அடர்த்தியான குழியை மட்டும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"எதுவா இருந்தா என்ன, எல்லாம் யாரோ ஒருத்தர் வூட்டுச் சோறு தின்ன வாய்தான் புள்ள" என்றார் அக்கா.

இரண்டாவது குழாய்

சில மாசங்கள் கழித்துச் செல்வம் அண்ணன் வந்தார். நாக்கில் ஒரு பக்கம் இல்லை, பேச்சு குழறியது. டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து, இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாராம். திரும்ப வருமா என்று இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்க வேண்டும்போல இருந்தது, யாரிடம் கேட்பது? குழாயை நீட்டினேன். திரும்பி நிற்கவில்லை, குனியவில்லை, கண் மூடித் திறப்பதற்குள் நிரப்பிக் கொடுத்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்ளோ வேணும்னாலும் புடிச்சுக்கோ பாப்பா, இப்ப ஒழுகுறத நிறுத்தத்தான் முடியல."

புத்தகத்தில் படித்தபோது ஏறாத புரதம், ஊரார் எச்சிலைக் கையில் பிடித்த பிறகுதான் எனக்கு மண்டையில் ஏறியது, அதுவும் பாதிதான்.