பிரிசத்தில் கை வைக்காதீங்க

ஷீலாவுக்குப் பிடிவாதம் அதிகம் என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் இருக்கிறது! அடையாற்றங்கரைக் குடிசையை அரசாங்கம் பிடுங்கி, குடும்பத்தை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்ட பிறகும், இரண்டு பஸ் மாறி வந்து லேசரில் ஆராய்ச்சி பண்ணுகிறாள். பிடிவாதம் இல்லாமல் முடியுமா? நான் சண்முகவடிவு, மயிலாப்பூர்க்காரி. அவளுக்குப் பக்கத்து மேஜை.

மூளைத் திசுத் துண்டின் அடியாழத்தில் ஓடும் நரம்புகளைப் படம் பிடிப்பது அவள் வேலை. நிறத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய லேசர் அது. ஒளியை இடைவிடாமல் பாய்ச்சாது. மிக மிகக் குட்டியான பல்ஸ்களாக விட்டு விட்டு அனுப்பும். பல்ஸ் குட்டியாக இருந்தால்தான் ஆழத்தில் நரம்பு தெரியும். விரிந்துபோனால் படம் இருட்டு.

ஏன் விரிகிறது என்று ரங்கநாதன் தெருவில் துப்பட்டா வாங்கும்போது அவளிடம் கேட்டேன்.

"ஒரு பல்ஸுக்குள்ள பல நிறம் கீதுடி. மைக்ராஸ்கோப்பு கண்ணாடில பூந்தா செவப்பு விர்ருனு போய்டும், நீலம் பின்னாடி தங்கிடும். இந்தக் கூட்டத்துல குடும்பத்தோட பூந்தா நடக்கும்ல, அப்டி. அதான் ரெண்டு பிரிசம், முக்கோணக் கண்ணாடி, வெச்சு நீலத்த மின்னாடியே கெளப்பி விட்றேன். லேசர் நிறத்த மாத்துனா பிரிசத்தயும் நகுத்தணும்."

அவளுடைய தலைவலி வேறு. சாயங்காலம் பளிச்சென்று வந்த படம் மறுநாள் காலையில் இருட்டாகிவிடும். பிரிசம் தானாக நழுவுகிறது என்று நினைத்துத் திருகுகளை இறுக்கினாள், தாங்கியையே மாற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. பவரைக் கூட்டிப் பார் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருமுறை கூட்டினாள், திசு கருகிப்போனது. கடைசியில் பேராசிரியர் துரைராஜ், வெள்ளிக்கிழமை மதியம் படம் வராவிட்டால் லேசர் மேஜை வேறு குழுவுக்கு என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷ உழைப்பை மூட்டை கட்டிவிட்டு அவள் வேறு தலைப்பு தேட வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் அழவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்தாள். லேசர் அறையில், பொறுப்பாளர் கதிரேசன் சார் பிரிசத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சார், கையெடுங்க!"

அவள் கத்தியதில் பின்னால் வந்த நானே அரண்டுபோனேன்.

"ஏம்மா, லேசர் வாயில பல்ஸ் இவ்ளோ அகலமா கெடக்குதே! தினம் காலைல நான்தானே சுருக்கி வெக்கறேன். வர்றவங்க பார்த்தா மானம் போயிடாது?"

பாவி மனுஷன், நல்லது செய்வதாகத்தான் நினைத்திருக்கிறார். அவர் சுருக்கினால் லேசர் வாயில், அதாவது பிரிசத்தைத் தாண்டி ஒளி வெளியே வரும் இடத்தில், அளவு அழகாக இருக்கும். அதற்கப்புறம் மைக்ராஸ்கோப்பின் தடித்த லென்சுகளைக் கடப்பதற்குள் பல்ஸ் விரிந்துவிடும். அதனால் ஷீலா வேண்டுமென்றே அங்கேயே அதை, நீலம் முன்னால் போகும்படி, எதிர்ப்பக்கமாகக் கலைத்து அனுப்புவாள். லென்சுகளைக் கடந்து திசுவைத் தொடும்போது அது சுருங்கிவிடும். அதைத்தான் இவர் தினமும் 'சரி' செய்திருக்கிறார்.

"வாசல்ல கோலம் சூப்பரா கீது சார், உள்ள அடுப்பு எரியலியே!" என்றபடி பிரிசத்தைப் பழைய இடத்துக்கே நகர்த்தினாள்.

மதியம் துரைராஜ் வந்தார். திரையில் பல்ஸ் அளவைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்ன கதிரேசன், இது? சுருக்குங்க முதல்ல."

கதிரேசன் கை நீட்டினார். ஷீலா குறுக்கே போய் நின்றாள்.

"பிரிசத்துல கை வைக்காதீங்க சார். மொதல்ல படத்த பாருங்க."

பார்த்தார். ஆழத்தில் நரம்புகள் கிளை கிளையாக நின்றன. அதோடு விட்டாரா?

"இது ஒரு நிறம்தானே? மாத்திக் காட்டு."

மாற்றினாள். படம் பொசுக்கென்று அணைந்தது. அவள் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். நரம்புகள் திரும்ப எழுந்து வந்தன.

"சரி, ரெண்டு வாரம் கூடத் தரேன்" என்றார்.

நானாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

"பத்தாது சார். தீசிஸ் முடியற வரைக்கும் இந்த மேஜ எனக்கு வோணும். பிரிசத்த நான் மட்டுந்தான் தொடுவேன்."

அவரிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"கதிரேசன், இந்த ரூம் சாவிய அவகிட்ட குடுங்க."

ஷீலா கையை நீட்டினாள். சாவி உள்ளங்கையில் விழும்வரை அவள் கையை மடக்கவில்லை.