சத்தியமங்கலம் பஸ்ஸும் பகல் ஷிப்டும்

1997, மார்கழி. காலை ஆறேகாலுக்குத் தொண்டாமுத்தூரில் பஸ் ஏறினேன். காந்திபுரத்தில் இறங்கி, சத்தியமங்கலம் பஸ்ஸில் இடம் பிடித்தபோது மணி ஏழரை. எழுபது கிலோமீட்டர்; டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். அன்னூர் வருவதற்குள் இரண்டு முறை இடம் மாறி உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்க அம்மணி, சீட்டுல முள்ளு கிள்ளு இருக்குதுங்களா?" என்றார் கண்டக்டர்.

"இன்டர்வியூ இருக்குதுங்க."

"நீங்க தள்ளாட்டியும் வண்டி போகுமுங்க" என்று விசில் ஊதினார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கெமிக்கல் இன்ஜினீயரிங் முடித்து, ஒரு வருடமாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் கழிவுநீருக்குச் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தேன். இதற்காகவா படித்தோம் என்ற எண்ணம் என்னை எங்கும் நிலைகொள்ள விடவில்லை. சத்திக்கு அப்பால் ஒரு சர்க்கரை ஆலையில், கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கும் புது நிலையம் தொடங்கியிருந்தார்கள். நெருப்பும் நீராவியும் டர்பைனும் உள்ள இடம். எனக்கு அங்கே கன்ட்ரோல் ரூம் வேண்டும்.

பத்து மணிக்கு ஆலை வாசல். கரும்புப்பாகின் வாடை தொண்டையில் ஒட்டியது. மேனேஜர் சென்னைக்காரர்.

"லேப்ல தண்ணி டெஸ்ட் பண்ற வேலை இருக்கும்மா. பொண்ணுங்களுக்கு அதான் வசதி."

"எனக்குக் கன்ட்ரோல் ரூம்தான் வேணுங்க சார்."

அவர் சிரித்துக்கொண்டே என்னை அங்கேயே அழைத்துப்போனார். பாய்லர் இரைச்சல் உள்ளே வரை வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆபரேட்டர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மேனேஜர் என் பக்கம் குனிந்தார். "பாய்லர் டிரம்ல தண்ணி மளமளன்னு இறங்குது. இவர்கிட்ட என்ன சொல்லுவே?"

நான் யோசிக்கவில்லை. தண்ணீர் குறைந்த பாய்லர் வெடித்துவிடும்; முதலில் நெருப்பை அடக்க வேண்டும். "ஏனுங்ணா, சக்கை போறத உடனே நிறுத்திப்போடுங்க."

நிறுத்திப்போட்டார். கேள்வி அவர் காதில் விழவில்லை. என் குரல் மட்டும் விழுந்திருக்கிறது. சக்கை ஊட்டும் மோட்டார்கள் அடங்கின. நீராவி அழுத்தத்தைக் காட்டும் முள் இறங்கத் தொடங்கியது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"யோவ், யார் சொல்லி நிறுத்தினே?"

"அம்மணிதானுங்களே சொன்னாங்க."

"நான் சொன்னா மட்டும் ஏன், எதுக்குன்னு கேப்பே."

"நீங்க நாளெல்லாம் சத்தம் போடறீங்க. எது நெசம்னு எனக்கு எப்படீங்க தெரியும்? அம்மணி மருவாதியாச் சொன்னாங்க, அவசரம்னு நிறுத்திப்போட்டனுங்க."

மோட்டார்கள் மறுபடி ஓடின. முள் மெல்ல மேலே ஏறியது. மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"பதில் சரிதான். திங்கக்கிழமை வந்துடு. கன்ட்ரோல் ரூம்தான், ஆனா பகல் ஷிப்ட் மட்டும். ராத்திரியில பொண்ணுங்களை வைக்கச் சட்டம் இடம் கொடுக்காது."

மதியம் ஒரு மணி பஸ்ஸில் திரும்பினேன். வேலை கிடைத்தும் சாய்ந்து உட்கார முடியவில்லை. பகலிரவாக எரியும் பாய்லரில் பாதிதான் என் கைக்கு வந்திருக்கிறது. எங்கள் தோட்டத்துக்கு மும்முனை கரண்ட் நள்ளிரவுக்கு மேல்தான் வரும். யானை இறங்கும் தடத்தில் டார்ச் அடித்துக்கொண்டு அம்மாதான் போய் மோட்டார் போடுவாள். அவளை எந்தச் சட்டமும் வீட்டில் இருக்கச் சொன்னதில்லை.