இரவல் மூக்கு

சுருட்டைப் பற்றவைப்பதற்கு முன்னால் லிஃப்ட்காரர் அதைக் காதருகே கொண்டுபோவார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் பிடித்து, தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல மெல்ல ஒரு அழுத்து. காய்ந்துபோயிருந்தால் சருகு மாதிரி நொறுங்கும். ஈரம் கூடியிருந்தால் வாயே திறக்காது. பதமாக இருந்தால் பழைய நாற்காலியில் யாரோ மெதுவாகத் திரும்பி உட்கார்ந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம் வரும். அதைக் கேட்ட பிறகு மீசைக்கு அடியில் இடமிருந்து வலம் ஒரு இழுப்பு, வலமிருந்து இடம் ஒரு இழுப்பு. கண் மூடியிருக்கும். அவர் கண்ணைத் திறக்கும்வரை அந்த மொட்டைமாடியில் யாரும் தீக்குச்சி கிழிக்க மாட்டார்கள்.

அலுவலகக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஓடுகிற லிஃப்டைப் பற்றி உலகத்தில் யாரும் பேசுவதில்லை. நின்றுபோனால்தான் அவர் ஞாபகம் வரும்; அதுவும் நல்ல வார்த்தையோடு வராது. வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸோடு தொங்குகிற மனிதர், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மத்தியானம் மட்டும், ஆளில்லாத ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையின் நிழலில், நாற்காலி போட்டு ராஜா மாதிரி உட்காருவார்.

சுற்றிலும் மூன்று பேர். முதலில் அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி; கப்பலில் சமையல்காரன். கரைக்கு வரும்போதெல்லாம் துறைமுகம் துறைமுகமாகச் சேர்த்த சுருட்டும் புட்டியுமாக வருகிறவன். அடுத்து பேக்கரிக்காரர், விடியுமுன்னே எழுந்து பழகிய உடம்பு, மத்தியானம் மூன்று மணிக்கே அவருக்குச் சாயங்காலம் ஆகிவிடும். மூன்றாவது ஆடிட்டர். சிரிக்கத் தெரியும், ஆனால் செலவழிக்க மாட்டார்.

இந்த நால்வருக்கும் ஒரு பெட்டி உண்டு. ஐஸ் வைக்கிற பழைய பிளாஸ்டிக் பெட்டிக்குள் தேவதாருப் பலகை அடித்து, சோப்பு டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சு வைத்து, ஈரம் காட்டுகிற முள்ளும் பொருத்தி, பூட்டும் போட்டு லிஃப்ட்காரர் செய்தது. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பெட்டிக்காரர். எந்தச் சுருட்டுக்கு எந்த மது என்று ஜோடி சேர்ப்பது அவர் வேலை. பற்றவைக்குமுன் அது முதலில் எப்படி இருக்கும், நடுவில் என்ன ஆகும், முடிவில் எதில் கொண்டுபோய் விடும் என்று சொல்லிவிட வேண்டும். பிறகு மற்றவர்கள் பிடித்துப் பார்ப்பார்கள். ஜோடி சேரவில்லை என்று நினைப்பவர் வாய் திறக்கக் கூடாது. கிளாஸைத் தரையில் வைத்துவிட வேண்டும். இரண்டு கிளாஸ் தரைக்கு வந்தால் அந்த ஜோடி தோற்றது. அடுத்தடுத்து இரண்டு முறை தோற்றால் சாவி கைமாறும்.

எட்டு வருஷமாகச் சாவி லிஃப்ட்காரரின் இடுப்பில்தான் இருந்தது.

அப்படிப்பட்டவருக்குத்தான் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல், நாலு நாளில் போய்விட்டது. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காபி சுடுதண்ணீர் ஆனது. சோப்பு வெறும் வழுக்கல் ஆனது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டொரு நாளில் திரும்பிவிடும் என்று, ஊருக்குப் போன உறவினரைப் போலக் காத்திருந்தார். அந்த வாரத்து ஜோடியை ஞாபகத்தை வைத்தே சேர்த்தார். கருத்த சுருட்டு, பிராந்தி. பேக்கரிக்காரர் நாலு இழுப்பு இழுத்தார், ஒரு வாய் குடித்தார், கிளாஸை எடுத்துத் தரையில் வைத்தார். ஆடிட்டர் அந்தக் கிளாஸைப் பார்த்தார், லிஃப்ட்காரரைப் பார்த்தார், கொஞ்சம் தயங்கித் தன் கிளாஸையும் வைத்தார்.

"என்ன மாமா, ரெண்டும் ஒண்ணையொண்ணு கடிச்சுக்குது" என்றான் மைத்துனன், விதியை மறந்து.

"ஒரு தடவைதானே" என்றார் பேக்கரிக்காரர். "மனுசன் காய்ச்சல்ல படுத்து எழுந்திருச்சிருக்காரு."

"ஒரு தடவைதான்" என்றார் ஆடிட்டர். அவர் சொன்னபோது அது வேறு மாதிரிக் கேட்டது.

அடுத்த ஜோடிக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மத்தியானம், லிஃப்ட்காரரின் மனைவி வேலையிலிருந்து வந்தார். தபால் அலுவலகத்தில் பார்சல் பிரிவு. பிரிக்காமலே உள்ளே ஊறுகாயா, சோப்பா, புதுத் துணியா என்று சொல்கிறவர். இதை அவர் ஒரு திறமையாக எண்ணியதே இல்லை. அந்த மூலையில் ஃபேன் கிடையாது, அவ்வளவுதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நின்றார்.

"ஏங்க, வீட்டைத் துடைச்சீங்களா?"

"நானா? எதுக்கு?"

"எலுமிச்சை வாசனை ஆளைத் தூக்குது."

மோப்பம் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். அலமாரிக்கு அடியில் பெட்டி பூட்டாமல் திறந்திருந்தது. குனிந்தார். சோப்பு டப்பாவிலிருந்த ஸ்பாஞ்சை இரண்டு விரலால் தூக்கினார்.

"இதுல என்ன ஊத்துனீங்க?"

"பேட்டரி தண்ணிதான். எப்பவும் ஊத்துறதுதானே. அந்த ஜன்னலோரம் இருந்த பாட்டில்."

"அந்தப் பாட்டில்ல தரை துடைக்கிற தண்ணி இருக்கு. அதோட கேன் வெடிச்சுப் போச்சுன்னு போன வாரம் நான்தான் இதுல மாத்தி வச்சேன். மூடியத் திறந்தாலே தெரியுமே." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கணவரின் முகத்தைப் பார்த்தார். ஸ்பாஞ்சை அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். லிஃப்ட்காரர் இமைக்கக்கூட இல்லை.

"எப்போ இருந்து?"

"காய்ச்சல்ல இருந்து."

"அதான் முந்தாநாள் பால் தீஞ்சு வீடே நாறினப்ப பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சீங்களா? நான் உங்களைக் கல்லுளிமங்கன்னு நினைச்சேன்."

லிஃப்ட்காரர் சோபாவில் சரிந்தார். "நாளைக்கு ரெண்டு கிளாஸ் கீழ இறங்குச்சுன்னா சாவி போச்சு" என்றார். "எட்டு வருசம். எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

"ஏன், நான் இல்லையா?"

"நீ பெட்டி இல்லையே."

அம்மையார் ஸ்பாஞ்சைக் குப்பையில் போட்டார். உள்ளே போய் ஒரு பழைய போர்வையைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். பெட்டியை அதன் மேல் கவிழ்க்காத குறையாகக் காலி செய்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சுருட்டாக எடுத்து முகர ஆரம்பித்தார். இத்தனை வருஷமாக வீட்டுக்குள் சுருட்டின் நிழல் விழுந்தாலே ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டவர். ஒருமுறை பால்கனியில் பற்றவைத்த தன் தம்பியை, பெட்டி படுக்கையோடு ஓட்டலுக்கு அனுப்பியவர்.

"இது போச்சு. இதுவும் போச்சு. இது நல்லா இருக்கு, அடியில இருந்திருக்கு." நல்லதை இடப்பக்கம் வைத்தார், கெட்டதை வலப்பக்கம். வலப்பக்கம் குவிந்ததைப் பார்க்கமாட்டாமல் லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டார். ஒரு தடித்த, சற்றே குட்டையான சுருட்டிடம் வந்ததும் அம்மையாரின் கை நின்றது.

"இது அந்த நீலச் சட்டை."

"எந்த நீலச் சட்டை?"

"உங்க நீலச் சட்டைதான். மழையில நனைஞ்சு வந்தீங்களே, அன்னிக்கு இதைத்தான் குடிச்சிருக்கீங்க. மறுநாள் ஊற வைக்கும்போது வந்துச்சு. வெல்லம் கொஞ்சம் கருகின மாதிரி. அதுக்கு அடியில புது நோட்டுப் புத்தகம்."

லிஃப்ட்காரர் எழுந்து உட்கார்ந்தார். நீலச் சட்டை, மழை, குட்டைச் சுருட்டு. மூன்றும் சரி. "உனக்கு எல்லாச் சட்டையும் இப்படித் தெரியுமா?"

"யார் துவைக்கிறது இந்த வீட்ல?"

அதற்குப் பிறகு அந்த மத்தியானம் ஒரு விளையாட்டாகிவிட்டது. அவர் சுருட்டைக் காதில் வைத்துப் பதம் சொன்னார், அம்மையார் மூக்கில் வைத்து மணம் சொன்னார். புதுச் செருப்பு டப்பா. பென்சில் சீவிய தூள். நீண்ட நாள் பூட்டியிருந்து திறந்த அலமாரி. மைத்துனன் கொண்டுவந்த புட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் ஊற்றி முகர்ந்தார். ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்கவில்லை. விஸ்கியை "ஆஸ்பத்திரிக்குப் போன வழியில விறகு எரிச்சிருக்காங்க" என்று தள்ளினார். பிராந்தியை "இது ரொம்பப் பேசும்" என்று ஒதுக்கினார். வயதான ரம் ஒன்றை முகர்ந்துவிட்டுத் திரும்பவும் முகர்ந்தார்.

"இதையும் நீலச் சட்டையையும் சேர்த்து வைங்க. ரெண்டும் ஒரே வீட்ல வளர்ந்த மாதிரி இருக்கு. ஒண்ணு பேசும்போது இன்னொண்ணு கேட்டுக்கும்."

லிஃப்ட்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "முதல்ல எப்படி இருக்கும், நடுவுல, கடைசியில. மூணும் சொல்லணும்."

"பத்த வைக்கிறதுக்கு முன்னாடி என்னன்னு இப்ப மூக்கு சொல்லுது. முடிஞ்சப்புறம் என்னன்னு சட்டை சொல்லியிருக்கு. நடுவுல நடக்கிறதுக்கு நான் எங்க வந்தேன்? அது உங்க பாடு."

மறுநாள் மொட்டைமாடியில் நல்ல காற்று. தண்ணீர்த் தொட்டியின் நிழல் நாற்காலிகள் வரைக்கும் வந்து படுத்திருந்தது. லிஃப்ட்காரர் எல்லோருக்கும் அதே ரகக் குட்டைச் சுருட்டு ஒவ்வொன்று கொடுத்தார், ரம்மை ஊற்றினார், தொண்டையைச் செருமினார்.

"முதல்ல புது நோட்டுப் புத்தகத்தைத் திறந்த மாதிரி. கடைசியில வெல்லம் லேசா கருகும், அப்ப ரம்முல ஒரு வாய் எடுத்தா அந்தக் கருகல் இனிப்பாயிடும்."

"நோட்டுப் புத்தகமா? போன தடவை வரைக்கும் தோல், மரம், மசாலான்னு சொல்லிட்டிருந்தீங்களே அண்ணே" என்றார் பேக்கரிக்காரர். பற்றவைத்தார். இழுத்துப் புகையை வாயிலேயே கொஞ்ச நேரம் உருட்டி வெளியே விட்டார். முகம் மலர்ந்தது. "அட, ஆமாங்க. அட்டை போட்டு லேபிள் ஒட்டின நோட்டு."

மைத்துனன் இரண்டாவது வாய் ரம் எடுத்தான். அவன் கண்ணை மூடினால் பாதி வெற்றி. மூடினான்.

ஆடிட்டர் மட்டும் சுருட்டைப் பார்க்காமல் லிஃப்ட்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் ஒரு விரற்கடை வளர்ந்தது. கிளாஸ் அவர் கையில்தான் இருந்தது, ஆனால் முழங்காலுக்குக் கீழே, தரைக்குப் பக்கத்தில்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

"சொன்னேனே சார்."

"அது தொடக்கமும் முடிவும். நடுவுல என்னன்னு நீங்க சொல்லவே இல்லை. இப்ப நடுவுலதான் இருக்கோம். எப்படி இருக்கு?"

லிஃப்ட்காரர் ஒரு இழுப்பு இழுத்தார். வாய்க்குள் சூடு மட்டும் வந்து உட்கார்ந்தது. "நல்லா இருக்கு."

"நல்லான்னா?"

கிளாஸ் இன்னும் கொஞ்சம் இறங்கியது. லிஃப்ட்காரர் மோட்டார் அறையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், பொய் சொல்ல ஒரு பொருளைத் தேடுகிறவர்போல. மரம் என்று சொல்லலாம், மிளகு என்று சொல்லலாம். எட்டு வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஒரு வார்த்தை பொய் சொன்னதில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நடுவிலிருந்த ஸ்டூலில் வைத்தார்.

"எனக்குத் தெரியாது சார். காய்ச்சலோட மூக்கு போயிடுச்சு. போன தடவை ஞாபகத்துல அடிச்சேன். இன்னிக்கு வந்திருக்கிறது வீட்டம்மா மூக்கு. அவங்க சட்டையைத் துவைச்சே கத்துக்கிட்டாங்க. நடுவுல என்னன்னு சட்டைக்குத் தெரியாது."

 முதலில் பேக்கரிக்காரரின் வயிறு குலுங்கியது. சாம்பல் அவர் மடியில் விழுந்தது, அதைத் தட்டக்கூட முடியாமல் சிரித்தார்.

"அக்காவா?" என்றான் மைத்துனன். "என்னை ஓட்டலுக்குத் துரத்துன அக்காவா?"

"உன் அக்காதான். உன் விஸ்கியை ஆஸ்பத்திரின்னு சொன்னா."

"அந்த விஸ்கி என்ன விலை தெரியுமா மாமா."

"அதை அவகிட்ட போய்ச் சொல்லு."

ஆடிட்டர் கிளாஸை மேலே எடுத்தார். ஒரு வாய் குடித்தார். "விதின்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார். "தரையில எத்தனை கிளாஸ் இருக்கு?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தரையில் பேக்கரிக்காரரின் சாம்பல் மட்டும்தான் இருந்தது.

"அப்ப ஜோடி ஜெயிச்சிடுச்சு. ஜோடி சேர்த்தது யாரோ அவங்கதான் பெட்டிக்காரர். சாவியைக் கொண்டுபோய் அவங்ககிட்ட கொடுங்க."

லிஃப்ட்காரர் சாவியோடு வீட்டுக்கு வந்தபோது அம்மையார் துணி மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லிச் சாவியை நீட்டினார். நீட்டிய கை அதை உடனே விடவில்லை. எட்டு வருஷம் சும்மா போய்விடுமா.

"ஏற்கெனவே இந்த வீட்டுச் சாவியெல்லாம் என்கிட்டதானே இருக்கு" என்றார் அம்மையார். ஆனாலும் வாங்கிக்கொண்டார். வாங்கியவர், அதை முகர்ந்தும் பார்த்தார்.

அடுத்த முறை மொட்டைமாடியில் ஐந்து நாற்காலி. அம்மையார் தன் குஷனைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். காற்று வருகிற பக்கமாக உட்கார்ந்தார். குடிக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. ஒவ்வொரு சுருட்டையும் முதலில் லிஃப்ட்காரர் காதில் வைத்துப் பதம் சொல்ல, அதை வாங்கி மீசை இல்லாத இடத்தில் ஒரு இழுப்பு. நடுவில் என்ன ஆகிறது என்பதையும் அங்கேயே இருந்து படித்துக்கொண்டார். "இப்ப மழைக்கு முன்னாடி மண்ணு" என்பார், பேக்கரிக்காரர் தொடையில் தட்டுவார். தம்பி கொண்டுவந்த விஸ்கிக்கும் ஒரு நாள் பொருத்தமான சுருட்டு கண்டுபிடித்துக் கொடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து அதை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். போகப்போக, வழியில் மனைவியின் குஷனைச் சுமந்து வருவது லிஃப்ட்காரரின் வேலையானது. கடைசியான பதினோராவது மாடியில் இறங்கும்போது, உள்ளே இருக்கும் தன் மனைவிக்காக லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொள்வார், அது தானாக நிற்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை என்றாலும்.

மாதங்கள் போய் ஒரு நாள், குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தபோது கிரீஸ் வாடை அவருக்குத் திரும்பி வந்தது. மேலே ஏறி வந்து முதலில் மனைவிக்குத்தான் ஃபோன் செய்தார். "நல்லது, இனிமே பால் அடுப்பை நீங்க பார்த்துக்கங்க" என்றார் அம்மையார். சாவியைப் பற்றி இருவருமே பேசவில்லை.

ஆடிட்டரைப் பற்றிய விஷயம் அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. அவருடைய தங்கை பார்சல் அனுப்ப வந்த இடத்தில் பேச்சுவாக்கில் அம்மையாரிடம் சொன்னாராம்: சின்ன வயதில் மூக்கில் ஒரு ஆபரேஷன், அன்றிலிருந்து அண்ணனுக்கு எந்த மணமும் தெரியாது, பூவும் பூண்டும் ஒன்றுதான். எட்டு வருஷமும் அந்த மனிதர் லிஃப்ட்காரரின் முகத்தைப் பார்த்துத்தான் சுருட்டு பிடித்திருக்கிறார். அன்று அவர் அத்தனை முறை துருவிக் கேட்டது மடக்குவதற்காக இல்லை. படிப்பதற்கு அந்த முகத்தில் அன்று ஒன்றுமே இல்லை.