ஹெல்வியின் ஐந்தாவது பலகை

மெல்பேர்னுக்குப் பக்கத்து டண்டினோங் மலையடிவாரத்தில் பெருங்காற்று அடித்து, எங்கள் தெருவில் மட்டும் ஏழு மரம் விழுந்து, நாலு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்தக் குளிர்காலத்தில்தான் இது நடந்தது. ஐஸ் பெட்டியில் இருந்த மீன் முழுவதையும் என் மனைவி சரசு ஒரே நாளில் காஸ் அடுப்பில் சமைத்து அயலுக்கெல்லாம் கொடுத்தாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் அந்த உறைப்பில் அழுதுகொண்டே இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். அதனால் எனக்கு அந்த மாதம் மறக்காது.

1. அறுத்தது

மெல்பேர்னில் ஆற்றுக்குத் தெற்குப் பக்கம் உள்ள ஒரு இசை மண்டபத்தில் அப்போது எனக்கு மேடை வேலை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இங்கே வந்து கோழித் தொழிற்சாலை, டாக்சி, ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற லோண்டறி என்று சுற்றி, கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தேன். சங்கீதம் தெரியத் தேவையில்லை. எண்பது பேர் இருக்கக் கதிரை போடத் தெரிய வேண்டும், பியானோவைச் சுவரில் முட்டாமல் தள்ளத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய ஓர்க்கெஸ்ட்ராவில் கஷ்டமான இடம் வயலின்காரருடையது என்று சனம் நினைக்கும். எங்களைக் கேட்டால், டபிள் பேஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம் நிற்கும் றைசர் என்போம். றைசர் என்பது பின்வரிசைக்காரரை உயர்த்துகிற மேடைத் துண்டு. அது ஒரு நூல் ஆடினாலும் இசை அடங்குகிற இடத்தில் கிறீச்சிடும். அதற்கு அடியில் செருகுகிற சின்ன மரத்துண்டை நாங்கள் பாக்கர் என்போம். மேடைக்காரன் ஒவ்வொருவனும் பாக்கருக்கு மரம் தேடித் திரிகிறவன்தான். என் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு கிடக்கும். ஒரு முறை சரசு அவற்றையும் சேர்த்து மெஷினில் தோய்த்துவிட்டு, சண்டைக்கு வந்தாள்.

அந்தப் புதன்கிழமை றைசர் ஆடியது. பையில் ஒன்றும் இல்லை. சாமான் இறக்குகிற லோடிங் டொக்குக்குப் போனேன். சுவரோரம் பழைய கம்பளியில் சுற்றி ஐந்து பலகைகள் கிடந்தன. மங்கலான, எண்ணெய் பிடித்த பலகைகள். சீட்டு ஒட்டியிருக்கவில்லை. ஒட்டியிருந்ததோ என்று நான் தேடவும் இல்லை. அந்த மாதம் முழுவதும் விழுந்த மரங்களை அறுத்து அறுத்து, மரத்தைக் கண்டால் கை தானாக மரம் அறுக்கிற வாளுக்குப் போகிற நிலை. ஆரோ புயல் மரத்தில் அறுத்து மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆக நீளமானதில் அரைச் சாண் அறுத்து, அதை நாலாகப் பிளந்து, றைசருக்கு அடியில் செருகினேன். ஏறி மிதித்துப் பார்த்தேன். அசையவில்லை. கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

2. சரசுவுக்கு ரெலிபோன்

அடுத்த நாள் காலை ஒத்திகை. பின்லாந்தில் இருந்து ஹெல்வி என்ற அம்மா வந்திருந்தார். குடும்பப் பெயர் பாதி வரிக்கு நீளும், எனக்கு வாயில் வராது. அறுபத்தைந்து வயது இருக்கும், கட்டையாக வெட்டின நரைமுடி, மீன்பிடிக்காரர் போடுகிற மாதிரி ஒரு கம்பளிச் சட்டை. அவர்தான் அந்த இசையை எழுதியவர். சனிக்கிழமை கச்சேரி. இருபது நிமிஷப் பாட்டில் ஓர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் ஒருவர் நின்று ஐந்து பலகைகளை அடிக்க வேண்டும்.

ஐந்து பலகைகள் என்று கேட்டதும் நான் றைசருக்கு அடியைப் பார்த்தேன்.

அடிக்கிறவர் முதல் நாலையும் தட்டினார். மணி மாதிரி இருந்தது. ஐந்தாவதைத் தட்டியதும் ஹெல்வி தலையை நிமிர்த்தினார். மறுபடி தட்டச் சொன்னார். ஓர்க்கெஸ்ட்ராவின் பேஸ்காரர் எல்லாம் கடைசி ஐந்து நிமிஷம் அந்த ஒரு சத்தத்தில்தான் வந்து இறங்க வேண்டுமாம். அதன் சுருதி இப்போது மேலே ஏறிப் போய் நின்றது. ஒத்திகையை நிறுத்தினார்கள்.

எங்கள் ஸ்டேஜ் மனேஜர் கவிதா, கோயம்புத்தூர்ப் பிள்ளை, என் மகளைவிட இளசு. ஆனால் எனக்கு மேலதிகாரி. அடுத்த மாதம் என் கொன்ட்ராக்டைப் புதுப்பிக்கிறதா இல்லையா என்று எழுதுவதும் அவள்தான்.

"பாத்தீங்களா அங்கிள்? கொண்டு வந்தவங்க முனைய ஒடச்சிருக்காங்க. ஒடச்சது தெரியக்கூடாதுன்னு அழகா அறுத்தும் வச்சிருக்காங்க! இருங்க, அந்த லாரி கம்பெனிக்கு நான் எழுதற எழுத்துல…"

"ஓம் பிள்ளை" என்றேன். அது பொய்தான்.

வெளியே போய்ச் சரசுவுக்கு ரெலிபோன் அடித்தேன்.

"ஒரு பிழை விட்டிட்டன்."

"காரைக் கொண்டுபோய் இடிச்சுப்போட்டியளே?"

"இல்லை. ஒரு பலகையை அறுத்துப்போட்டன்."

"இந்த மாசம் முழுக்க உதைத்தானே செய்யிறியள்."

"இது பின்லாந்துப் பலகை, சரசு. பாட்டுக்கெண்டு வந்தது."

"ஆரும் கண்டதே?"

"ஒருத்தரும் காணேல்லை. லொறிக்காரன் செய்ததெண்டு நினைக்கினம். சொன்னா வேலை போனாலும் போகும்."

"பிறகேன் எனக்கு எடுத்துச் சொல்லுறியள்? சொல்லவேண்டிய ஆளிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. கறி அடிப்பிடிக்குது, வைக்கிறன்."

3. நாலு துண்டு

ஓர்க்கெஸ்ட்ராக்காரர் கோப்பி குடிக்கப் போயிருந்தார்கள். றைசருக்கு அடியில் படுத்து நாலு துண்டையும் இழுத்து எடுத்தேன். ஹெல்வி மூன்றாம் வரிசையில் தனியாக இருந்தார். பக்கத்தில் நின்று கவிதா ரெலிபோனில் வேகமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் துண்டுகளை ஹெல்வியின் மடியில் வைத்தேன்.

"நான்தான் அறுத்தது. விறகுப் பலகை எண்டு நினைச்சிட்டன். மன்னிக்க வேணும்."

நாங்கள் கதைத்தது இங்கிலீஷில். இரண்டு பேருடைய இங்கிலீஷும் இரவல் சட்டை மாதிரி, தோள் ஒரு பக்கம் இழுக்கும்.

கவிதா நெற்றியில் கையை வைத்தாள். "அங்கிள்! அந்தக் கம்பெனிக்காரங்கள என்னென்ன திட்டி எழுதிட்டேன் தெரியுமா? சென்ட் பட்டன் மேல வெரல் இருக்கு!"

"விரலை எடு பிள்ளை."

ஹெல்வி ஒரு துண்டை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். பிறகு அறுத்த பக்கத்தைத் தடவினார்.

"எதால அறுத்தாய்?"

"கைவாளால."

"நேராக அறுத்திருக்கிறாய்" என்றார். திட்டா, பாராட்டா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு எழும்பினார். "சீவுளி வைத்திருக்கிறாயா?"

இருந்தது. ஸ்பிரிங்வேலில் ஒரு வியட்நாம்காரரின் கடையில் வாங்கின, மரம் இழைக்கிற பழைய சீவுளி, வீட்டில் கராஜில்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ரிஹர்சல்" என்றாள் கவிதா. "அதுக்குள்ள சரியாகலைன்னா இந்தப் பாட்டையே எடுத்துட்டு வேற ஏதாவது போட்ருவாங்க. இவங்க இவ்ளோ தூரம் வந்தது வீண். ஓடுங்க அங்கிள்!"

4. காருக்குள் கேட்டது

பலகையைப் பின்கதவால் ஏற்றினோம். அதன் தலை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாம் ஆள் மாதிரி நீட்டிக்கொண்டு வந்தது. பயத்தில் எனக்கு வாய் ஓயாது. கோழித் தொழிற்சாலைக் கதை சொன்னேன், என் முழங்கால் ஒப்பரேஷன் சொன்னேன். ஹெல்வி றோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் களைத்து நிறுத்தியதும் அவர் தொடங்கினார்.

ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊராம். தகப்பன் தோணி செய்கிறவர். பலகை வாங்கும்போது ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்பாராம், உள்ளே உக்கல் இருந்தால் சத்தம் செத்திருக்கும். நல்ல பலகை இது, கூடாத பலகை இது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது சின்ன ஹெல்விக்கு விளையாட்டு. பிறகு கிறிஸ்தவக் கோயிலில் ஹார்மோனியம், பிறகு தலைநகரில் படிப்பு. முதலில் எழுதின பாட்டுக்கு ஆட்கள் பாதியில் எழும்பிப் போனார்களாம்.

"உங்களுக்குக் கவலையில்லையோ?" என்று கேட்டேன்.

"மழை பெய்தது. பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பார்கள்" என்றார். சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று சிம்பனி, ஒரு ஒப்பரா, ஏரி உறைந்து உடைகிற சத்தத்தை வைத்து ஒரு நீளமான பாட்டு. கிழமைக்கு ஒரு பக்கம்தான் எழுதுவாராம். தகப்பன் செத்த பிறகு தோணிக் கொட்டிலை விற்றபோது, அவர் கட்டாமல் விட்ட தோணியின் பலகைகள் ஐந்து மிஞ்சியிருந்தன. அவற்றுக்காக எழுதியதுதான் இந்தப் பாட்டு.

நான் காரை ஓரமாக நிற்பாட்டினேன். "அப்பாவின்ரை பலகையோ?"

"ஓட்டு" என்றார். "பத்து மணிக்கு ஒத்திகை."

5. வயிற்றைச் சீவினது

கராஜில் பலகையைக் குப்புறப் போட்டு, அடியில் இரண்டு கயிற்றுச் சுருள் வைத்தோம். அவர் சொல்லித்தான் தெரியும், பலகை நீளம் குறைந்து கட்டையானால் சத்தம் ஏறும், அதன் வயிற்றை நடுவில் சீவினால் சத்தம் இறங்கும். ஆனால் சீவினதைத் திருப்பி ஒட்ட முடியாது. அளவுக்கு மிஞ்சி இறங்கிவிட்டால் அதோடு சரி.

சரசு எட்டிப் பார்த்தாள். "உவவே அந்த மனிசி? பாவம், குளிருக்கை நிக்க வைச்சிருக்கிறியள்." தேத்தண்ணியும் மீன் ரோல்சும் வந்தன. ஹெல்வி நாலு ரோல்ஸ் சாப்பிட்டார். "இவவுக்கு என்னிலை கோபமில்லை, உங்களிலைதான்" என்று சரசு என் காதுக்குள் சொல்லிவிட்டுப் போனாள்.

முதலில் ஹெல்விதான் சீவினார். பிடித்த பிடியிலேயே தெரிந்தது, பழகின கை. இருபது இழுப்பு, திருப்பிப் போட்டு ஒரு தட்டு, காதருகே சுருதிக் கவை. மறுபடி இருபது. இறங்க இறங்க இழுப்பைக் குறைத்தார். பத்து, ஐந்து. பிறகு சீவுளியை என்னிடம் நீட்டினார்.

"இனி நீ."

"ஐயோ, நான் மாட்டன். பிழையாப் போகும்."

"எனக்குத் தோள் நோகிறது. என் கை ஆடினால் பிழையாகிவிடும். மூன்று தரம், மெல்ல."

முழங்கையை விலாவோடு அணைத்துக்கொண்டு இழுத்தேன். ஒன்று. தட்டினார். இரண்டு. தட்டினார், கண்ணை மூடினார். மூன்றாவதற்குச் சீவுளியை வைத்தேன், கையைத் தூக்கி நிறுத்தினார். மறுபடி தட்டிக் கேட்டு, விரலால் பாதி என்று காட்டினார். சீவல் காற்றில் பறந்தது, வெங்காயத் தோல் அளவு.

தட்டினார். அந்தச் சத்தம் கராஜ் கதவு வரைக்கும் போய் அங்கேயே நின்றது.

"வந்துவிட்டது."

"முந்தின மாதிரியே?"

"இல்லை. கொஞ்சம் கரகரப்பு. அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் குரல் இப்படித்தான்" என்றார். அப்போதுதான் முதல் தரம் சிரித்தார்.

6. ரிப்போர்ட்

வெள்ளி ஒத்திகை சரியாகப் போனது. சனிக்கிழமை நான் மேடைக் கதவடியில் நின்றேன். கடைசியில் மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கி, பேஸ்காரர் அந்தச் சத்தத்தில் வந்து இறங்க, ஐந்தாவது பலகை மட்டும் தனியே கேட்டது. எனக்கு அது காதால் வரவில்லை, சப்பாத்தின் அடியால் ஏறி வந்தது. ஓர்க்கெஸ்ட்ராவை நடத்துகிற கொண்டக்டர் கையை இறக்கும் வரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது. நல்ல காலம், அதற்குள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை கவிதா கூப்பிட்டாள். "ரிப்போர்ட் எழுதித்தான் ஆகணும் அங்கிள். வார்னிங் ஒண்ணு வரும்."

"எழுது பிள்ளை. நடந்ததுதானே."

கையெழுத்து வைக்க முதல் வாசித்துக் காட்டினாள். கடைசி வரியில், 'தவறு தெரிந்த அன்றே அவரே வந்து சொன்னதால் நிகழ்ச்சி காப்பாற்றப்பட்டது' என்று இருந்தது. அடுத்த மாதம் மேலிடத்தில் என் கொன்ட்ராக்டைப் பற்றிப் பேசியபோது அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். பிறகும் மூன்று வருஷம் அங்கே கதிரை போட்டேன்.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளையோ மருமகனோ, ஆராவது சாமான் இறக்கி ஏற்றுகிற வேலைக்குப் போனால் இதைச் சொல்லிவிடுங்கள். சீட்டு இல்லாத சாமானுக்கும் ஆள் உண்டு, அறுக்க முதல் கேட்க வேண்டும். கேட்காமல் அறுத்துவிட்டால், பிழை என்று தெரிந்த அன்றைக்கே, அந்தச் சாமானுக்கு உரிய ஆளிடமே போய்ச் சொல்ல வேண்டும். எப்படித் திருத்துவது என்று அந்த ஆளுக்குத்தான் தெரியும். நான் ஒரு நாள் பிந்தியிருந்தால் சீவ நேரம் இருந்திருக்காது. சொல்லும்போது சரசுவின் புருஷன் செய்த பிழை என்றே சொல்லலாம், வெட்கமில்லை. ரிப்போர்ட்டில் இருப்பதுதானே.